நாற்பத்தொன்றாவது கறுப்பு

கோமளவல்லியின் இடது கை முறிந்த சத்தம் எத்திராஜுக்கு நன்றாகக் கேட்டது. அடித்தவன் அவன்தான். கான்கிரீட் பம்பின் ரப்பர் ஓஸ் குழாயை முழ நீளத்துக்கு வெட்டி, பிடிக்கத் தோதாக ஒரு நுனியில் துணி சுற்றி வைத்திருந்தான். முதுகுக்கு என்று ஓங்கிய அடிக்கு அவள் கையைக் குறுக்கே கொடுத்துவிட்டாள்.

அவள் கத்தாததுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. ஒரு காலத்தில் காசிமேட்டில் மீன் ஏலம் கூவியவள். அவள் தொண்டையைத் திறந்தால் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

"எந்திரி. சொவத்துக்கு வா."

"முடியல தம்பி."

"பட்டை இன்னா சொல்லுது பாரு. கறுப்பு. ரத்தத்த எடுத்து எங்க கொட்னே, அத்த மட்டும் சொல்லு."

"எங்கியும் கொட்லப்பா. சத்தியமா."

எத்திராஜின் கூட்டாளி டில்லிபாபு சிரித்தான். "இன்னாமா சீன் போடுது பாருண்ணே." அவன் தன் பங்குக்கு அவள் இடுப்பில் ஓர் உதை விட்டான். தெருவே காலிக் குடங்களோடு நின்று பார்த்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தாகத்தோடு நிற்கிறவர்களுக்கு ஈரம் எங்கிருந்து வரும்?

வாசலில் நின்ற எத்திராஜின் மனைவி ரெஜினா மட்டும் இறங்கி வந்தாள். "விட்ருங்க. அந்தக்காவுக்கு நெஜமாவே முடியல. தெனம் கஞ்சி ஊத்தறவ நான், எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரிஞ்சது பட்டைக்குத் தெரியலியா? உள்ள போ," என்றான் எத்திராஜ்.

கடல் வடசென்னைக்குள் ஏறி முப்பது வருடமாகிறது. சுவர் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பக்கம் உயர்த்த, இன்னொரு பக்கம் அலை அரித்துக்கொண்டு போகிறது. பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் தினம் எட்டு மணி நேரம் சுவருக்குப் போக வேண்டும். தெருவில் உள்ளவர்கள் போனால் தெருக்குழாயில் குடிதண்ணீர் வரும். காரணமில்லாமல் ஓர் ஆள் போகாவிட்டாலும் குழாய் மூடிக்கொள்ளும்.

முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களுக்காக வந்ததுதான் மணிக்கட்டுப் பட்டை. தோலுக்கு மேலிருந்தே ரத்தத்தைப் படித்துவிடும். ஆள் தெம்பாக இருந்தால் பச்சை, வேலைக்குப் போ. ரத்தம் சுண்டிப்போயிருந்தால் சிவப்பு, வீட்டில் இரு. மனிதன் களைப்பை மனிதன் நம்ப மாட்டான், இயந்திரம் சொன்னால் நம்புவான் என்று ஆனபிறகு இது ஒரு நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

ஆறே மாதத்தில் ஊசி போட்டுத் தன் ரத்தத்தைத் தானே எடுத்துச் சாக்கடையில் விட்டுவிட்டு, சிவப்பு காட்டிப் படுத்துக்கொண்ட இரண்டு பேர் பிடிபட்டார்கள். அதற்காகக் கூடிய கூட்டத்தில்தான் எத்திராஜ் எழுந்து பேசினான். அவன் சுவர் வேலையில் ஸ்டோர் கீப்பர். சிமெண்ட் கிடங்கு அவன் பொறுப்பு. பட்டை உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பையும் அளக்கிறது, ரத்தத்தில் ஓடுகிற இரும்பையும் அளக்கிறது என்று இஞ்சினியர் விளக்கிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"சார், நம்ம கெடங்குல மூட்டை நெறைய இருக்கு. ஆனா கலவைல சிமெண்ட் கம்மியா கீது. அப்போ இன்னா அர்த்தம்? நடுவுல எவனோ அட்ச்சினு போறான். ஒடம்பும் அப்டித்தான? சேமிப்பு ஃபுல்லா இருந்து ரத்தம் கம்மின்னா, ரத்தத்த எடுத்து வெளிய வுட்டுட்டான்னு அர்த்தம்."

கூட்டம் கைதட்டியது. இஞ்சினியரும் தலையாட்டினார். மறுவாரமே பட்டையில் மூன்றாவது நிறம் ஏறியது, கறுப்பு. ஒரு கறுப்புக்கு இரண்டு நாள் குழாய் மூடும். கறுப்பு விழுந்தவர்களைக் கவனித்துக்கொள்ளத் தெருவுக்கு ஒரு படை வந்தது. 'எழுப்புப் படை' என்று காகிதத்தில் பெயர். சனங்கள் வைத்த பெயர் 'அலாரம்'. இந்தத் தெருவுக்கு அலாரம் எத்திராஜ்.

கோமளவல்லி நாற்பதாவது கறுப்பு. அதற்கு முன் கிரேன் ஓட்டிய கோதண்டத்துக்குத் தலையில் அடி விழுந்தது. குடல் நோயென்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஆள். இரண்டு நாள் கிடந்து செத்துப்போனார். அன்றைக்கு எத்திராஜ் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாப்பிட்டான்.

*

கோமளவல்லியின் கைக்குக் கட்டுப் போட்டு மூன்று வாரம் போயிருக்கும். ரெஜினா மாடிப்படியில் பாதியில் உட்கார ஆரம்பித்தாள். அவள் சுவருக்குப் பக்கத்துச் சமையல் கூடத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு ஆக்குகிறவள். உட்கார்ந்து பார்த்ததே இல்லை. உதடு வெளுத்திருந்தது. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கவே யோசித்தாள்.

"கீர கீர துன்னு. முருங்கக்கீர," என்றான் எத்திராஜ்.

"சரி," என்றாள் ரெஜினா.

அவ்வளவுதான் பேச்சு. பத்து வருடத்துக்கு முன், இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு அவன் காதலித்துக் கட்டியவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். பொய் சொல்ல வராது. எதையாவது மறைக்கச் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காதுக்காகத்தான் அவளைக் கட்டினேன் என்று அவன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதுண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் குழாயடியில் எல்லோரும் பட்டையை நீட்டி நின்றார்கள். டில்லிபாபு பார்த்துக்கொண்டே வந்தான். பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை. ரெஜினாவிடம் வந்ததும் நின்றான். எத்திராஜைத் திரும்பிப் பார்த்தான்.

கறுப்பு.

அப்போது யார் குடத்திலோ விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. அந்தக் குடம் பாதிகூட நிறையவில்லை.

கூட்டம் எத்திராஜைப் பார்த்தது. நாற்பது வீட்டு ஆட்களை அடித்தவன் இப்போது என்ன செய்கிறான், பார்க்கலாம் என்கிற பார்வை அது. பாவி, அவனுக்கு அந்தப் பார்வைதான் பெரிதாகப் போயிற்று. நம்மாள் என்று விட்டுவிட்டான் என ஒருத்தனும் சொல்லக் கூடாது. இதுவரை அடித்ததெல்லாம் நியாயம் என்றால் இதுவும் நியாயமாகத்தான் இருக்க வேண்டும். கை தானாக ஓஸ் துண்டை எடுத்தது.

முதல் அடி அவள் தோளில் விழுந்தது. ரெஜினா அவன் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டவள்போல் பார்த்தாள். இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. அவள் முட்டி மடங்கியது. மூன்றாவது அடியை அவன் அடிக்கவில்லை. டில்லிபாபு அடித்தான், பின்னந்தலையில். அவள் குழாய்க் கல்லில் முகம் மோத விழுந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கல்லின் பள்ளத்தில் ஓடியது. வெளிறிப்போன ரத்தம்.

அதைப் பார்த்தபோதுதான் எத்திராஜின் மண்டைக்குள் ஒன்று உடைந்தது. ரெஜினா ஏமாற்றுகிறவள் இல்லை. இது அவனுக்குத் தன் பெயரைப்போலத் தெரிந்த விஷயம். அவள் ஏமாற்றவில்லை என்றால் பட்டை பொய். பட்டை இவள் விஷயத்தில் பொய் என்றால், கோமளவல்லி விஷயத்தில்? கோதண்டம் விஷயத்தில்?

டில்லிபாபு அடுத்த அடிக்கு ஓங்கினான். எத்திராஜ் அவன் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் குழாய்க் கம்பத்தில் மோதினான். மூக்கு நொறுங்கியது. மறுபடியும் மோதினான். "பட்டை தப்புடா," என்று கத்தினான். "எல்லாம் தப்பு. வுட்ருங்கடா."

"பொண்டாட்டின்ன ஒடனே தப்பாய்டுச்சா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். ஆறாவது கறுப்பின் மகள் அவள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

பிறகு எல்லோரும் அவன்மேல் பாய்ந்தார்கள். குடத்தால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினார்கள். அவனுக்கு இரண்டு பல் போயிற்று, விலாவில் ஏதோ நொறுங்கியது. அவன் ரெஜினாவின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

*

ரெஜினாவைத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்து, புருவத்துக்குத் தையல் போட ஆள் வந்த பிறகு, கோமளவல்லி அவன் எதிரே வந்து நின்றாள். கை இன்னும் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பட்டை ஆபீசுக்கு வர்றியா? நான் ஆறு தபா போய்ட்டு வந்துட்டேன். எம்பேச்ச கேக்கறதுக்கு தெருப் படைத் தலைவரு கையெழுத்து வோணுமாம்."

பட்டை ஆபீஸ் நான்கு தெரு தள்ளி. எத்திராஜ் தினம் பத்து நிமிடத்தில் நடக்கிற தூரம். கோமளவல்லியோடு நடக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"தூக்கமா வருதா?" என்று கேட்டான்.

"தூக்கம்னா தூங்கி எந்திரிச்சா சரியாப் பூடும்ல? இது அப்டியில்ல. காலைல கண்ண தொறக்கறப்பவே எட்டு மணி நேரம் மண்ணு சொமந்தாப்ல இருக்கும். தலை வாரலாம்னு கைய தூக்குவேன், பாதில எறக்கிடுவேன். போன வருசம் முடிய வெட்டிக்கினேன். எல்லாரும் வேண்டுதலான்னு கேட்டாங்க. இல்ல, வார முடியல."

"இரும்பு மாத்திர துன்லியா?"

"மூணு வருசமா துன்றேன். பேரீச்சம்பழம், ஈரல், ஆட்டு சொவரொட்டி, இன்னா இன்னாவோ. வவுத்து வலிதான் மிச்சம். எட்டு வருசமா எனக்கு முடக்குவாதம் தம்பி. மூட்டெல்லாம் எரியும். அத்த யாரும் ஒரு நோவா மதிக்கல. வெளிய ரத்தம் வந்தாத்தான நீங்கள்லாம் நம்புவீங்க."

அவள் அடுத்த கம்பத்துக்குப் போனாள்.

பட்டை ஆபீசில் வஹிதா என்ற பெண் இருந்தாள். பட்டைகளின் விதிகளை இயந்திரத்தில் எழுதி ஏற்றுகிறவள். எத்திராஜின் வீங்கிய முகத்தையும் கோமளவல்லியின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவன் கையெழுத்துப் போட்டதும் கோமளவல்லியின் எண்களைத் திரையில் கொண்டுவந்தாள்.

"பாருங்கண்ணே, அக்காவுக்கு சேமிப்பு ரொம்ப ஜாஸ்தி. ரத்தத்துல கம்மி. நீங்க சொன்ன விதிப்படி இது திருட்டு."

"தெரியும்."

"போன ஐப்பசில சிமெண்ட் கலவரம் நடந்துச்சே. அன்னிக்கு நீங்க இன்னா பண்ணீங்க?"

"கெடங்க உள்ளாற பூட்டிக்கினு உக்காந்தேன். தொறந்தா எல்லாத்தையும் அள்ளினு பூடுவாங்கன்னு."

"உள்ள எத்தினி மூட்டை?"

"முந்நூறு இருக்கும்."

"சுவத்துக்கு அன்னிக்கு எவ்ளோ போச்சு?"

"ஒண்ணும் போகல. கலவ மெஷினு சும்மா நின்னுச்சு."

"அப்போ நீங்க திருடுனீங்களா?"

எத்திராஜ் வாயைத் திறந்தான். பல் போன இடத்தில் காற்று பட்டு வலித்தது.

"உடம்பும் அதைத்தான் செய்யுது," என்றாள் வஹிதா. "கிருமி உள்ள வந்தா அதுக்கும் வாழ இரும்பு வேணும். அதனால உடம்பு கெடங்க பூட்டிடும், கிருமிக்குக் கெடைக்கக் கூடாதுன்னு. ரெண்டு நாள் காய்ச்சல்னா பரவால்ல, அப்புறம் தொறந்துடும். ஆனா அக்காவுக்குக் கிருமியே இல்ல. மூட்டுல எட்டு வருஷமா வீக்கம். உடம்பு அதக் கலவரம்னு நெனச்சுக்கிட்டு பூட்டுனது பூட்டுனபடி கெடக்குது. மாத்திரை தின்னா அதுவும் முக்காவாசி உள்ள போய்ப் பூட்டிக்கும். ரத்தம் ஊற வழியில்ல. அந்த வீக்கமே தனியா வேற ஆளப் போட்டு அசத்தும். மொதல்ல வீக்கத்த அடக்கணும். அப்பதான் கெடங்கு தொறக்கும்."

"வீக்கத்த அளக்க முடியாதா?"

"முடியும். பட்டை மொதல் நாள்லேருந்து அளந்துக்கிட்டுத்தான் இருக்கு. மூணாவது எண். அதப் பாக்கச் சொல்லி விதியில எழுதல."

"ஏன் எழுதல?" அவன் குரல் உயர்ந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

வஹிதா விரலைப் பார்த்துக்கொண்டாள். "நான் அந்தக் கூட்டத்துல பின்னாடி வரிசைல இருந்தேண்ணே. நீங்க கெடங்கு, கலவைன்னு சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சுது. எனக்கே சரின்னு பட்டுச்சு. கை தட்டுனேன்."

கோமளவல்லி கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாளா கேட்கிறாளா என்று தெரியவில்லை.

வஹிதா அரை மணி நேரத்தில் விதியை மாற்றி எழுதினாள். சேமிப்பு நிறைந்து, ரத்தம் குறைந்து, வீக்கமும் இருந்தால் சிவப்பு. நாளைக் காலையில் எல்லாப் பட்டைகளுக்கும் போய்விடும் என்றாள்.

"இதுவரைக்கும் கறுப்பு வுயுந்தவங்க?" என்று கேட்டான் எத்திராஜ். "அடி வாங்கறதுக்கு முன்னாடி இருந்த எண்ண வெச்சுப் பாக்க முடியுமா? அட்ச்சா வீங்கத்தான செய்யும்."

அவள் பார்த்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. இரண்டாவது கறுப்பு, தோல் உரியும் நோய்க்காரர். ஆறாவது, சிறுநீரகம் கெட்டவர். இருபத்து மூன்றாவது கோதண்டம், குடலில் வீக்கம், மூன்றாவது எண் வானத்தில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எத்திராஜுக்கு ஓர் அடி ஞாபகம் வந்தது. எங்கே அடித்தான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வந்தது. எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள். முடியல. அவன் தலையை மேசையில் வைத்து அழுதான். அழுது என்ன செய்ய?

"நாப்பது பேருக்கும் வீக்கம் இருக்கு," என்றாள் வஹிதா மெதுவாக.

"நாப்பத்தொண்ணு," என்று திருத்தினான்.

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். கடைசிப் பெயருக்கு எதிரே வீக்கம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. ரத்தம் மட்டும் மூன்று வாரத்தில் படிப்படியாகச் சரிந்திருந்தது, யாரோ அளந்து எடுத்ததுபோல.

*

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் கட்டில் வரை வந்திருந்தது. ரெஜினா புருவத்தில் கட்டோடு படுத்திருந்தாள். அவன் கால்மாட்டில் உட்கார்ந்தான். அவளாகவே சேலையைக் கொஞ்சம் மேலே இழுத்து முழங்காலுக்குக் கீழே காட்டினாள். ஊசி குத்திய இடங்கள் வரிசையாகக் கன்றிக் கிடந்தன.

"யார் குத்தினது?"

"நானேதான். அன்னிக்கு அந்தக்கா கைய நீ ஒடச்சதுக்கு அப்பறம் ஆரம்பிச்சேன்."

"மாத்திட்டாங்க," என்றான். "விதிய மாத்தியாச்சு. காலைல கோமளாக்காவுக்கு சிவப்பு வந்துடும். எல்லாருக்கும்."

"தெரியும். நீ போய்க் கேட்டா மாத்துவாங்கன்னு தெரியும். அதுக்குத்தான்." அவள் காதில் சிவப்பே இல்லை. சிவக்க ரத்தம் இல்லை. "நாப்பது வீட்டு வாசல்ல நின்னியே, ஒரு வாசல்லியாவது யோசிச்சியா? நம்ம வாசலுக்கு வந்தா யோசிப்பேன்னு நெனச்சேன். வேற வழி தெரியல எனக்கு."

"செத்துப் போயிருப்படி."

"ஆமா."

வெளியே யாரோ குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். குழாய் இன்னும் திறக்கவில்லை.

"ரெஜி," என்றான். "நான் அடிப்பேன்னு தெரியுமா உனக்கு?"

அவள் புருவத்துக் கட்டைத் தடவினாள்.

"டில்லி அடிப்பான்னு தெரியும். ஊரு அடிக்கும்னு தெரியும். நீ குறுக்க பூந்து தடுப்பே, தடுத்துட்டு நேரா ஆபீசுக்கு ஓடுவேன்னு நெனச்சேன்," என்றாள். "எல்லாம் நெனச்ச மாதிரியே நடந்துச்சு. அந்த மொத ரெண்டு அடி மட்டும் நான் நெனைக்கல."

பிறகு அவள் கதவுப் பக்கம் திரும்பி, கோமளாக்கா இருந்தால் கொஞ்சம் வரச் சொல், எழுந்து உட்கார வேண்டும், ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். எத்திராஜ் நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டு கோமளவல்லியைக் கூப்பிடப் போனான்.